முதல் மல்ட்டிமீட்டர்: டிடி-830டி-யா, ஆட்டோ ரேஞ்சிங் மீட்டரா?

மின்னணுவியலைக் கற்கத் தொடங்குவோர், வோல்ட்டேஜ், மின்னோட்டம், மின்தடை ஆகியவற்றை அளக்கும் மல்ட்டிமீட்டர்களில் எதை வாங்குவது என்று கேட்டால், பெரும்பாலும் இரண்டு விடைகள் வரும். ஒன்று, சென்னை ரிச்சி தெருவில் கடைக்குக் கடை தொங்கும், சில நூறு ரூபாய் விலையுள்ள டிடி-830டி. மற்றொன்று, ஆயிரம் ரூபாயைத் தாண்டும், அளவீட்டு வரம்பை, அதாவது ரேஞ்சைத் தானே தேர்ந்துகொள்ளும் ஆட்டோ ரேஞ்சிங் மீட்டர். முதலாவதைப் பல ஆண்டுகள் பயன்படுத்திய பின் இரண்டாவதற்கு மாறியவன் என்பதால், இரண்டாவதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன். முள் காட்டும் அனலாக் மீட்டரைக் கல்லூரி ஆய்வகத்தோடு விட்டுவிட்டேன். அதைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் அளவுக்கு எனக்குப் பழக்கம் இல்லை.

துல்லியத்தில் ஆட்டோ ரேஞ்சிங் மீட்டர்கள் பொதுவாக முந்துகின்றன. அதைவிடக் கவனிக்க வேண்டியது உள்மின்தடை, அதாவது வோல்ட்டை அளக்கும்போது மீட்டரே சர்க்யூட்டின் குறுக்கே சேர்க்கும் மின்தடை. டிடி-830 வகைகளில் இது பொதுவாக 1 மெகாஓம்; நல்ல மீட்டர்களில் 10 மெகாஓம். இரண்டு 1 மெகாஓம் ரெசிஸ்டர்களைத் தொடராக இணைத்து 9 வோல்ட் கொடுத்தால் நடுப்புள்ளியில் 4.5 வோல்ட் இருக்க வேண்டும். முதல் மீட்டரை வைத்தால் அது ஏறத்தாழ 3 வோல்ட் என்றும், இரண்டாவதை வைத்தால் சுமார் 4.3 வோல்ட் என்றும் காட்டும். சர்க்யூட்டில் பிழை இல்லாதபோதும் பிழையைத் தேடிப் புதியவர் பொழுதைச் செலவிடுவது இப்படித்தான்.

டிடி-830டி-க்கு உரிய பெருமையையும் சொல்லிவிட வேண்டும். அளக்கப்போவது எவ்வளவு இருக்கும் என்று முன்கூட்டியே மதிப்பிட்டு, பெரிய ரேஞ்சில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கும் பழக்கத்தை அது கட்டாயமாகக் கற்றுத் தருகிறது. ஆட்டோ ரேஞ்சிங் மீட்டரிலோ, திரையின் ஓரத்தில் சிறிதாகத் தெரியும் அலகைக் கவனிக்காதவர் 230 மில்லிவோல்ட்டை 230 வோல்ட் என்று படித்துவிடக்கூடும். பேட்டரியில் ஓடும் சிறு சர்க்யூட்டுகளோடு மட்டும் நிற்பவருக்கு மலிவான மீட்டரே போதும்.

ஆனால் கற்பவர் யாரும் அங்கே நிற்பதில்லை. அடாப்டரைத் திறப்பார், வீட்டு பிளக்கில் 230 வோல்ட் வருகிறதா என்று பார்ப்பார். அங்கேதான் என் முடிவைத் தீர்மானித்த ஒரே அம்சமான ஃபியூஸ் வருகிறது. மின்னோட்டத்தை அளக்கச் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் செருகுகிறோம். அந்தத் துளைக்கும், கறுப்பு வயர் செருகும் காம் துளைக்கும் நடுவில் இருப்பது ஷண்ட் எனப்படும், ஓமில் மிகச் சிறு பின்னமே மின்தடையுள்ள கம்பி. அளந்து முடித்து, வயரை வோல்ட் துளைக்கு மாற்ற மறந்து, அதே நிலையில் பிளக்கின் இரு துளைகளிலும் புரோப்களை வைத்தால், அது பேஸையும் நியூட்ரலையும் நேரடியாக இணைப்பதற்குச் சமம். குமிழை வோல்ட்டுக்குத் திருப்பியிருந்தாலும் பயனில்லை. மின்சாரம் போகும் வழியைத் தீர்மானிப்பது துளைதான். டிடி-830டி மீட்டர்களில் அந்தத் துளைக்குப் பெரும்பாலும் ஃபியூஸே கிடையாது. 'அன்ஃபியூஸ்டு' என்று முகப்பிலேயே அச்சிட்டிருப்பார்கள். வீட்டு எம்சிபி (மின்னோட்டம் மிகையானால் தானே துண்டிக்கும் சுவிட்ச்) இறங்கும் வரை அந்த மின்னோட்டம் முழுவதும் கையில் பிடித்திருக்கும் வயர்களின் வழியாகவே பாயும்.

ஃபியூஸ் இருந்தால் மட்டும் போதாது, அது எந்த வகை என்பதும் முக்கியம். சாதாரண 5×20 மில்லிமீட்டர் கண்ணாடி ஃபியூஸ், ஐஇசி 60127 என்ற சர்வதேசத் தரத்தின்படி, 35 ஆம்பியர் அல்லது தன் மீது குறித்த ஆம்பியர் அளவைப்போல் பத்து மடங்கு, இவற்றில் எது அதிகமோ அதுவரைதான் பாதுகாப்பாகத் துண்டிக்கும் என்று உறுதியளிக்கிறது. அதற்கு மேல் போனால், உள்ளிருக்கும் கம்பி ஆவியான பிறகும் தீப்பொறி வழியாக மின்சாரம் தொடரலாம், கண்ணாடி வெடிக்கலாம். மிகப் பெரிய மின்னோட்டத்தையும் துண்டிக்கவல்ல, மணல் நிரப்பிய பீங்கான் எச்ஆர்சி ஃபியூஸில் அந்த வெப்பத்தை மணல் உறிஞ்சி, தீப்பொறியை அணைத்துவிடுகிறது. மில்லிஆம்பியர், 10 ஆம்பியர் என்ற இரண்டு மின்னோட்டத் துளைகளுக்கும் இத்தகைய ஃபியூஸ் இருப்பதையும், கட்டட மின்வயரிங்கில் 600 வோல்ட் வரை அளக்க ஏற்ற பாதுகாப்பு வகையைக் காட்டும் கேட் III 600 வோல்ட் என்ற குறியீடு முகப்பில் இருப்பதையும் உறுதிசெய்து வாங்குங்கள். ஆட்டோ ரேஞ்சிங் என்ற பெயர் மட்டும் இவற்றுக்கு உத்தரவாதம் ஆகாது.

எந்த மீட்டரானாலும் சில ஒழுங்குகள் மாறுவதில்லை. மின்னோட்டத்தை அளந்தவுடன் சிவப்பு வயரை வோல்ட் துளைக்கு மாற்றிவிட வேண்டும். மின்தடையையும் கன்டின்யூயிட்டியையும் (இணைப்பு அறுபடாமல் இருக்கிறதா என்ற சோதனை) மின்சாரத்தைத் துண்டித்த பிறகே பார்க்க வேண்டும். எஸ்எம்பிஎஸ் (சுவிட்சிங் முறையில் இயங்கும்) அடாப்டரின் பெரிய கெபாசிட்டரில் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் சுமார் 325 வோல்ட் தங்கியிருக்கக்கூடும். ஒரு லைனில் மின்சாரம் இல்லை என்று மீட்டர் சொன்னால், மின்சாரம் உள்ள வேறொரு பிளக்கில் அதே மீட்டரைச் சோதித்த பிறகே அதை நம்ப வேண்டும்.

பராமரிப்பில் மட்டும் மலிவான மீட்டருக்கே வெற்றி. கெட்டால் புதிதாகவே வாங்கிக்கொள்ளலாம். எச்ஆர்சி ஃபியூஸ் எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, விலையும் அதிகம். கிடைக்கவில்லை என்று கண்ணாடி ஃபியூஸையோ செம்புக் கம்பியையோ வைத்துவிட்டால், கூடுதல் விலை கொடுத்து வாங்கிய பாதுகாப்பு அந்த நிமிடமே போய்விடும். ஆகவே மீட்டரை வாங்கும்போதே அதே அளவும் வோல்ட்டேஜும் உள்ள உதிரி ஃபியூஸ்களையும் கேட்டு வாங்கி, மீட்டரின் உறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.