ஹோம் சர்வருக்கு எது: டெபியனா, உபுண்டுவா, ட்ரூநாஸா?

அம்பாசமுத்திரத்தில் அப்பா அம்மா வீட்டு மச்சில் ஒரு பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் சர்வராக ஓடுகிறது. 8 ஜிபி ரேம், சிஸ்டத்துக்குச் சின்ன எஸ்எஸ்டி, குடும்பப் படங்களும் வீடியோக்களும் வைக்கப் பெரிய ஹார்டு டிஸ்க். நான் இருப்பது பாளையங்கோட்டையில். அதில் டெபியன், உபுண்டு, ட்ரூநாஸ் என்ற மூன்று ஆபரேட்டிங் சிஸ்டங்களையும் போட்டுப் பார்த்துவிட்டு டெபியனில் வந்து நின்றேன். அதனால் இந்த அலசல் டெபியன் பக்கம்தான் சாயும்.

மூன்றும் இலவசம். மூன்றிலும் ஃபைல் பகிரும் சாம்பா, வீடியோ பார்க்க உதவும் ஜெல்லிஃபின் எல்லாம் ஓடும். பென்டிரைவில் ஐஎஸ்ஓவை (இன்ஸ்டால் ஃபைலை) எழுதத் தெரிந்தவருக்கு இன்ஸ்டால் பெரிய வேலை இல்லை. இவற்றில் வித்தியாசம் தேடிப் பயனில்லை.

தீர்மானிக்கிற கேள்வி ஒன்றே ஒன்று: ஆள் இல்லாத நேரத்தில் கரண்ட் போய் வந்தால், பெட்டி தானாக எழுந்து வேலையைப் பார்க்குமா? ஆனி ஆடிக் காற்று, மாதாந்திரப் பராமரிப்பு, ஐப்பசி கார்த்திகை மழை என்று நம் பக்கம் கரண்ட் போக ஏதாவது ஒரு காரணம் இருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் பல ஊர்களுக்கு நாள் கணக்கில் கரண்ட் இல்லை. "எய்யா, கரண்டு வந்துட்டு. ஒன் பொட்டி லைட்டு எரியலயே, என்ன செய்யணும்?" என்று அம்மா போன் செய்தால், என்ன சிஸ்டம் போட்டு என்ன பயன்?

எதைப் போட்டாலும் முதலில் பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை செட்டிங்கில்) கரண்ட் வந்ததும் ஆன் ஆகும்படி வைத்துவிடுங்கள். இன்வெர்ட்டர் இருந்தால் யூபிஎஸ் மோடில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் லைன் மாறுகிற நொடியிலேயே கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகிவிடக்கூடும்.

ட்ரூநாஸின் பலம் இசட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம், அதாவது டிஸ்க்கில் ஃபைல்களை அடுக்கி வைக்கும் முறை. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனாலும் ஃபைல் சிஸ்டம் குலையாது. ஆனால் குறைந்தபட்சமே 8 ஜிபி ரேம் கேட்கிறது, பூட் டிஸ்க்கை முழுசாகத் தனக்கே எடுத்துக்கொள்கிறது. டேட்டாவுக்கு ஒரே டிஸ்க் இருந்தால், கெட்டுப்போன ஃபைலைக் கண்டுபிடித்துச் சொல்லும், சரிசெய்து தராது. இரண்டு டிஸ்க்கை மிரர் போட (ஒன்றில் இருப்பதே இன்னொன்றிலும் இருக்கும்படி வைக்க) வசதி உள்ளவர்கள் கண்ணை மூடிக்கொண்டு அதை எடுக்கலாம். நான் அதைக் கொஞ்ச காலமே ஓட்டினேன், பெரிய வெர்ஷன் மாற்றம் எதையும் செய்து பார்த்ததில்லை.

"அண்ணாச்சி, எல்லாரும் உபுண்டுதான போடுதாவ?" என்று தெருத்தம்பி ஒருவன் கேட்டான். நியாயமான கேள்விதான். நெடுநாள் அப்டேட் கிடைக்கும் வெர்ஷனான 24.04 எல்டிஎஸ்ஸுக்கு 5 ஆண்டு ஆதரவு உண்டு. சொந்த உபயோகத்துக்கு 5 கம்ப்யூட்டர்கள் வரை உபுண்டு ப்ரோ என்ற கூடுதல் ஆதரவுத் திட்டமும் இலவசம், அதோடு 10 ஆண்டு ஆகிவிடும். சந்தேகம் வந்து தேடினால் பதிலும் சுலபமாகக் கிடைக்கும். ஆனால் கரண்ட் வரும்போது ரவுட்டரும் சர்வரும் ஒன்றாகத்தானே எழுகின்றன? ரவுட்டர் ஐபி (நெட்வொர்க் முகவரி) தரும்வரை உபுண்டு சர்வர் இரண்டு நிமிடம் வரை பூட்டிலேயே காத்து நிற்கும். நெட்பிளான் என்ற நெட்வொர்க் செட்டிங் ஃபைலில் ஒரு வரி சேர்த்தால் சரியாகிவிடும், உண்மைதான். பெரிய டிஸ்க்கில் எல்விஎம் (டிஸ்க்கைப் பகுதிகளாகப் பிரித்து நிர்வகிக்கும் முறை) போட்டால் இன்ஸ்டாலர் 100 ஜிபியை மட்டும் ரூட்டுக்கு (சிஸ்டம் இருக்கும் பகுதிக்கு) கொடுப்பதையும் நாமேதான் கவனிக்க வேண்டும். இப்படி ஒவ்வொன்றையும் தேடித்தேடித் திருத்துவதில் எனக்குச் சலிப்பு வந்துவிட்டது.

டெபியனில் திருத்த அதிகம் இல்லை. நெட்இன்ஸ்ட் என்ற சிறிய இன்ஸ்டால் ஐஎஸ்ஓவில் பூட் செய்து, ரூட் (அட்மின்) பாஸ்வேர்டைக் காலியாக விட்டால் முதல் யூசருக்கே சூடோ (அட்மின் அதிகாரம்) வந்துவிடும். சாஃப்ட்வேர் பட்டியலில் டெஸ்க்டாப் டிக்கை எடுத்துவிட்டு வெளியூரிலிருந்து உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சர்வரை மட்டும் சேர்த்தால் போதும். நெட்வொர்க் கார்டுக்கு ஃபர்ம்வேர் (கார்டை இயக்கும் மென்பொருள்) தேடி அலைந்த பழைய தொல்லையும் 2023இல் வந்த டெபியன் 12 முதல் இல்லை.

அடுத்தது எஃப்எஸ்டேப், பூட் ஆகும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் ஃபைல். இது உபுண்டுவுக்கும் பொருந்தும். டேட்டா டிஸ்க்கின் வரியில் 'நோஃபெயில்' என்ற சொல் இல்லாவிட்டால், வயர் லேசாகக் கழன்றாலே போதும். சிஸ்டம் 90 விநாடி அந்த டிஸ்க்குக்காகக் காத்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், எஸ்எஸ்ஹெச்சும் வராது. மானிட்டர் இல்லாத பெட்டியை அம்மா என்ன செய்ய முடியும்? 'நோஃபெயில்' இருந்தால் டிஸ்க் இல்லாமலே எழுந்துவிடும், மீதியைப் பாளையங்கோட்டையிலிருந்து பார்த்துக்கிடலாம். ஒரு எச்சரிக்கை: அப்போது சாம்பா, டிஸ்க் இணையவேண்டிய காலி ஃபோல்டரில் எழுத ஆரம்பித்து எஸ்எஸ்டியை நிரப்பிவிடும். டிஸ்க் மவுண்ட் ஆகாதபோது (இணையாதபோது) அந்த ஃபோல்டரில் யாரும் எழுத முடியாதபடி பூட்டி வையுங்கள்.

'அன்அட்டெண்டட் அப்கிரேட்ஸ்' போட்டுவிட்டால் செக்யூரிட்டி அப்டேட்களைத் தானே எடுத்துக்கொள்ளும், நாம் சொல்லாமல் ரீஸ்டார்ட் செய்யாது. 2025 ஆகஸ்டில் டெபியன் 13 வந்தபின், 12இலிருந்து எஸ்எஸ்ஹெச் வழியாகவே மாற்றிவிட்டேன். எல்டிஎஸ்ஸையும் சேர்த்து இதற்கும் 5 ஆண்டு ஆதரவு உண்டு.

டெர்மினல் பக்கமே போக விருப்பமில்லையா? ஓபன்மீடியாவால்ட் போடுங்கள். டெபியன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, எல்லாவற்றையும் பிரவுசரிலேயே செய்யலாம். டிஸ்க்கை இஎக்ஸ்டி4 ஃபைல் சிஸ்டத்தில் வைத்துக்கொண்டால், பின்னாளில் வெறும் டெபியனுக்கு மாறினாலும் அப்படியே மாட்டிக்கொள்ளலாம்.