கென்யாவில் விளம்பர எஸ்எம்எஸ்: பெயரிலா, ஷார்ட் கோடிலா?

கென்யாவில் ஒரு கடையோ கூட்டுறவுக் கடன் சங்கமோ வாடிக்கையாளருக்கு எஸ்எம்எஸ் அனுப்ப முக்கியமாக இரண்டு வழிகள். ஒன்று, நிறுவனத்தின் பெயரே திரையில் தெரியும் சென்டர் ஐடி (அனுப்புபவர் அடையாளம்). மற்றொன்று, ஷார்ட் கோடு எனப்படும் ஐந்து இலக்கச் சிறு எண். ரசீது, ஓடிபி, தவணை நினைவூட்டல் என்றால் பெயர்தான், அதில் யோசிக்க ஒன்றுமில்லை. விளம்பரத்துக்கு நான் தேர்ந்தெடுத்தது ஷார்ட் கோடு. கேட்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன்.

பெயருக்கு உள்ள சாதகங்கள் வெளிப்படையானவை. செலவு குறைவு, பார்த்ததும் யாரென்று தெரியும். ஆனால் 11 எழுத்துக்குள் பெயர் அடங்க வேண்டும். சஃபாரிகாம், ஏர்டெல் என ஒவ்வொரு நெட்வொர்க்கிலும் தனித்தனியாகப் பதிய வேண்டும். ஒன்றில் பதிந்துவிட்டு மற்றதை விட்டால் அந்தப் பக்கம் செய்தி நிற்கும். 2011 முதல் எண்ணை மாற்றாமலே நெட்வொர்க்கை மாற்றிக்கொள்ளலாம் என்பதால், எண்ணின் முதல் இலக்கங்களைப் பார்த்து நெட்வொர்க்கைக் கணிக்கவும் முடியாது.

தேர்வைத் தீர்மானிப்பது வேறு விஷயம்: ‘இனி அனுப்பாதே’ என்று வாடிக்கையாளர் சொன்னால் அது யாரிடம் போய்ச் சேருகிறது?

பெயரில் வரும் செய்திக்குப் பதில் அனுப்ப முடியாது. அதனால்தான் சஃபாரிகாமில் விளம்பரச் செய்திகளின் கடைசியில் *456*9*5# என்ற எண் வருகிறது. வாடிக்கையாளர் அதை அழுத்தினால் விலகல் பதிவாவது நெட்வொர்க்கின் பக்கம். உங்கள் பட்டியலில் அவர் எண் அப்படியே கிடக்கும். செய்தி போய்ச் சேர்ந்ததா என்று சொல்லும் டெலிவரி ரிப்போர்ட்டில் ‘யூசர் இன் பிளாக்லிஸ்ட்’ என்று திரும்பி வருவதை யாராவது உட்கார்ந்து படித்தால்தான் தெரியும். படிக்காத இடத்தில் நடப்பது இது: அடுத்த மாதம் யாரோ அதே பட்டியலை எடுத்து, ரசீது, ஓடிபி போன்றவற்றுக்கெனப் பதிந்த ட்ரான்ஸாக்‌ஷனல் பெயரில் சலுகைச் செய்தி அனுப்புவார். அந்தப் பெயருக்கு விளம்பரத் தடை கிடையாது என்பதால் விலகியவருக்கும் அது போய் விழும். புகார் பிறப்பது அங்கேதான். போதாததற்கு, அந்த எண் சஃபாரிகாமுக்கு மட்டுமானது. ஏர்டெல் வாடிக்கையாளருக்கு அதை ஒட்டி அனுப்பிப் பயனில்லை.

2019-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 32-ஆம் பிரிவில், சம்மதம் இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பை அனுப்புபவர் தலையில் வைக்கிறது. 2021 விதிமுறைகள் விலகும் வழி எளிதாக இருக்க வேண்டும் என்கின்றன. அதிகபட்ச அபராதம் 50 லட்சம் ஷில்லிங் அல்லது முந்தைய நிதியாண்டு விற்றுமுதலில் 1 சதவீதம், எது குறைவோ அது. வெறும் பயமுறுத்தல் இல்லை. 2023 செப்டம்பரில், பிறர் மூலம் கிடைத்த எண்களுக்கு மிரட்டல் செய்திகளும் அழைப்புகளும் விடுத்த ஒரு கடன் செயலி நிறுவனத்துக்கு தரவுப் பாதுகாப்பு ஆணையர் அலுவலகம் 29,75,000 ஷில்லிங் அபராதம் விதித்தது.

ஷார்ட் கோடில் ‘ஸ்டாப்’ என்ற பதில் நேராக உங்கள் சர்வருக்கு வருகிறது, எண்ணும் நேரமும் சேர்த்து. அதைத் தனி அட்டவணையில் எழுதுங்கள், ஒவ்வொரு முறை அனுப்பும் முன்பும் அதனோடு ஒப்பிடுங்கள். வாடிக்கையாளர் பட்டியலிலிருந்து எண்ணை அழிப்பதோடு நிறுத்தினால், அடுத்த எக்செல் பதிவேற்றத்தில் அதே எண் திரும்ப வந்துவிடும். ‘ஸ்டாப்’ மட்டுமல்ல, ஸ்வாஹிலியில் நிறுத்து என்று பொருள்படும் ‘அச்சா’ என்று வந்தாலும், முன்னே பின்னே இடைவெளி இருந்தாலும் நிரல் ஏற்க வேண்டும். பதில் அனுப்பக் கட்டணம் இல்லாதபடி கோடை அமைப்பது கட்டாயம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால், ஏர்டைம் தீர்ந்த ப்ரீபெய்டு வாடிக்கையாளரால் விலகவே முடியாது.

குறைகளும் உண்டு. அமைக்கும் செலவும் மாத வாடகையும் அதிகம், அனுமதி கிடைக்க நாளாகும். ஏர்டைமை விழுங்கும் சந்தா சேவைகளால் ஐந்து இலக்க எண்ணைக் கண்டாலே சந்தேகப்படுவோர் உண்டு. எனவே செய்தியின் முதல் சொல்லே கடைப் பெயராக இருக்கட்டும். பலர் பகிரும் கோடை எடுத்தால் மலிவு, ஆனால் வெறும் ‘ஸ்டாப்’ யாருக்கானது என்று தெரியாது. ‘ஸ்டாப்’ உடன் உங்கள் அடையாளச் சொல்லையும் சேர்த்தே கேட்க வேண்டும். சில நூறு வாடிக்கையாளர் மட்டுமே உள்ள கடைக்கு என் கணக்கு பொருந்தாமல் போகலாம். பெயரில் அனுப்பி, கடைசியில் ஒரு தொலைபேசி எண் கொடுத்து, விலகுபவர்களை நோட்டில் எழுதி வைத்தாலே அங்கே போதும்.

இரண்டு வழியிலும் பணம் கசியும் ஓட்டை ஒன்று உண்டு. ஸ்வாஹிலிக்குச் சாதாரண 160 எழுத்துச் செய்தியே போதும். ஆனால் மாட்டுத்தீவனம் விற்பவர், மாட்டைக் குறிக்கும் ‘ங்’ஓம்பே’ என்ற சொல்லை வேர்டில் தட்டினால் நடுவில் உள்ள மேற்கோள் குறி வளைந்துவிடுகிறது. அந்த ஒரே குறியால் செய்தி யூனிகோடு என்ற வேறு எழுத்துமுறைக்கு மாறி வரம்பு 70-க்கு இறங்கும். வரம்பைத் தாண்டிப் பல துண்டாகப் போகும் தொடர்செய்தியில் துண்டுக்கு 67 எழுத்துதான், ஆக 150 எழுத்துச் செய்திக்கு மூன்று செய்திக் கட்டணம். வளைந்த குறியை நேர்குறியாக மாற்றும் ஒரு வரியை அனுப்பும் நிரலிலேயே சேர்த்துவிடுங்கள்.