கணக்கீடா, இரசாயனவியலா: பிழையை யார் காட்டித் தருவது?

சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் என் மருமகள் அண்மையில் கேட்டாள்: "மாமி, உயர்தரத்துக்குக் கணக்கீடு லேசா, இரசாயனவியல் லேசா?" யாழ்ப்பாணத்தில் ஒவ்வொரு வருடமும் எத்தனையோ வீடுகளில் எழும்பும் கேள்வி இது. "கெட்டிக்காரப் பிள்ளை என்றால் சயன்ஸ், இல்லாவிட்டால் கொமேர்ஸ்" என்று சொந்தக்காரர் ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அந்தப் பதிலைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். நான் உயர்தரத்தில் இரசாயனவியல் படித்தேன். பிறகு வேலைக்காகக் கணக்கீட்டை 'அ'னாவில் இருந்து தொடங்கிப் படித்தேன். இரண்டும் கடினம்தான், ஆனால் கடினமாக இருக்கிற இடங்கள் வேறு.

எனக்குப் பட்ட பெரிய வேறுபாடு ஒன்றுதான். கணக்கீட்டில் பிழை விட்டால் பெரும்பாலும் கணக்கே அதைச் சொல்லிவிடும். இரசாயனவியலில் விடை பிழையாக இருந்தாலும் பார்வைக்கு நல்ல பிள்ளை போலவே இருக்கும்.

முதலில் கணக்கீடு. 1494இல் வெனிஸில் லூக்கா பச்சியோலி என்ற கணித அறிஞர் அச்சில் விளக்கிய இரட்டைப் பதிவு முறையைத்தான் இன்றும் படிக்கிறோம். ஒவ்வொரு கொடுக்கல் வாங்கலும் ஒரு கணக்கில் வரவாகவும் (டெபிட்) இன்னொரு கணக்கில் செலவாகவும் (கிரெடிட்) பதியப்படும். அதனால் கடைசியில் எல்லாக் கணக்கு மீதிகளையும் இரு பக்கமாகப் போடும் பட்டியலான பரீட்சை மீதியின் இரு பக்கமும் ஒத்துவர வேண்டும். நான் முதன்முதல் போட்ட பெரிய பரீட்சை மீதியில் 360 ரூபா இடித்தது. ஒரு தொகை பக்கம் மாறி விழுந்திருந்தால் வித்தியாசம் அந்தத் தொகையைப் போல் இரு மடங்காக வரும். ஆகவே 360இன் பாதியான 180ஐப் பேரேடு, அதாவது எல்லாக் கணக்குகளும் உள்ள புத்தகம், முழுக்கத் தேடினேன். அப்படி ஒரு தொகையே இல்லை. அடுத்து, 360 ஒன்பதால் மீதியின்றி வகுபடுகிறது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் ஒன்பதால் வகுபடும். மின்சாரக் கட்டணம் 8,150ஐப் பேரேட்டுக்கு மாற்றும்போது 8,510 என்று எழுதியிருந்தேன். தேட ஒரு மணித்தியாலம் போனது. ஆனால் 'பிழை இருக்கிறது' என்று சொல்ல எனக்கு ஒரு ஆசிரியர் தேவைப்படவில்லை.

இதை முழுதாக நம்பிவிடவும் கூடாது. வாகனம் திருத்திய காசைத் திருத்தச் செலவுக் கணக்கில் போடாமல் வாகனக் கணக்கிலேயே போட்டுவிட்டால் பரீட்சை மீதி அழகாக ஒத்துவரும், ஆனால் இலாபம் பிழையாக வரும். இது கோட்பாட்டு வழு, அதாவது தொகை சரி, போய்ச் சேர்ந்த கணக்கின் வகை பிழை. ஒரு பற்றுச்சீட்டை அடியோடு பதியாமல் விட்டாலும் இரு பக்கமும் ஒத்துத்தான் வரும்.

இனி இரசாயனவியல். காரத்தைச் சேர்த்து அமிலத்தின் செறிவை அளக்கும் நியமிப்புக் கணக்கு ஒன்றை எடுப்போம். குழாயியால் (பிப்பெற்) 25.00 கனசென்ரிமீற்றர் சல்பூரிக்கமிலத்தைக் குடுவைக்குள் விட்டு, நிறங்காட்டியான பினோத்தலீன் இரண்டு துளி சேர்த்து, அளவியில் (பியூரெற்) இருந்து சோடியம் ஐதரொட்சைட்டு என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விடுகிறோம். வெள்ளை ஓட்டுக்கு மேலே குடுவையைச் சுழற்றிக்கொண்டே இருக்க, இளஞ்சிவப்பு வந்து வந்து மறையும். மறையாமல் நிற்கிற அந்த ஒரு துளிதான் முடிவுப் புள்ளி. 20.00 கனசென்ரிமீற்றர் செலவானது, காரத்தின் செறிவு கனடெசிமீற்றருக்கு 0.10 மூல் (துணிக்கைகளின் எண்ணிக்கையைச் சொல்லும் அலகு) என்று வையுங்கள். அப்படியென்றால் காரம் 0.002 மூல். ஒரு மூல் சல்பூரிக்கமிலத்துக்கு இரண்டு மூல் காரம் தேவை, ஆகவே அமிலம் 0.001 மூல், செறிவு 0.04. அந்த 'இரண்டை' மறந்தால் விடை 0.08. இரண்டு விடைக்கும் தோற்றத்தில் ஒரு வித்தியாசமும் இல்லை. பிழை என்று எந்த மூலையில் இருந்தும் குரல் வராது. சமன்பாட்டை எழுதி, இரு பக்கமும் சோடியத்தை எண்ணிப் பார்த்திருந்தால் மட்டும் தப்பியிருக்கலாம். சோதித்துப் பார்க்க வழி இருக்கிறது, ஆனால் அதை நீங்களாகத் தேடிப் போக வேண்டும். உயர்தர முதலாம் வினாத்தாளில் 50 கேள்விக்கு இரண்டு மணித்தியாலம், கணிப்பான் கிடையாது. அந்த அவசரத்தில் யார் எண்ணுகிறார்கள்? கையில் பழக்கம் வந்தவர்கள் மட்டும்தான்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இப்போது பிள்ளைகள் யூடியூபில் தமிழ்நாட்டுப் பாடங்களைப் பார்த்துப் படிக்கிறார்கள். இரசாயனவியலில் அதனால் பெரிய தீங்கில்லை. அவர்கள் ஆக்சிஜன் என்பதை நாங்கள் ஒட்சிசன் என்கிறோம், அவர்களுடைய ஒடுக்கம் எங்களுக்குத் தாழ்த்தல். இரண்டு நாளில் பழகிவிடும். கணக்கீட்டில் அப்படியில்லை. எங்கள் வரவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் பற்று. எங்கள் செலவுக்கு அவர்கள் சொல்லும் பெயர் வரவு! ஒரே சொல் நேர் எதிர்ப்பக்கத்தைக் குறிக்கிறது. முதல் மாதத்தில் இதைக் கலந்து படிக்கிற பிள்ளை பாவம், மூளை சுற்றிவிடும். ஏற்கெனவே "மின்சாரக் கட்டணம் செலவுதானே, அதை ஏன் வரவுப் பக்கத்தில் எழுதுகிறோம்?" என்று குழம்பி நிற்கிற நேரம் அது. இரட்டைப் பதிவு நன்றாகப் பிடிபடும்வரை எங்கள் பாடநூலையும் கடந்தகால வினாத்தாள்களையும் தவிர வேறெதையும் தொடவேண்டாம் என்பேன்.

மனப்பாடம் இரசாயனவியலில்தான் கூட. வெள்ளிக் குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவு, வெள்ளி அயடைட்டு மஞ்சள் என்பதெல்லாம் நினைவில் நின்றுதான் ஆக வேண்டும். கணக்கீட்டில் மனப்பாடத்தை நம்பினால் கவிழ்ந்துவிடுவீர்கள். அங்கே கை எழுத வேண்டும், தினமும்.

முன்பே படித்திருக்க வேண்டிய பாடங்கள் என்ற பழைய கடன் விடயத்தில் கணக்கீட்டுக்கு என்னிடம் கூடுதல் புள்ளி. சாதாரண தரத்தில் வணிகம் எடுக்காத பிள்ளையும் முதல் பாடத்தில் இருந்து சேர்ந்து ஓடலாம். இரசாயனவியல் அப்படி விடாது. விஞ்ஞானத்திலும் விகிதம், அடுக்குக்குறியிலும் உள்ள ஓட்டை மூல் கணக்கில் வந்து நிற்கும். மூல் சரியாக விளங்காவிட்டால் பிறகு வருகிற செறிவு, சமநிலை எல்லாம் ஆடும்.

என் தீர்ப்பு இதுதான். விகிதக் கணக்கு நன்றாக வரும், கண்ணுக்குத் தெரியாத அணுவை மனதில் படமாகப் பார்க்க ஆசையும் இருக்கிறது என்றால் இரசாயனவியல். ஒழுங்காக எழுதுவதில், ஒத்துவராததைத் துரத்திப் பிடிப்பதில் ஒரு சந்தோசம் வருகிறதென்றால் கணக்கீடு. மாற்றான்பிள்ளை போலக் கொமேர்ஸை ஒதுக்கிப் பேசுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள்.

மருமகளுக்கு இரண்டு கிழமை வேலை கொடுத்திருக்கிறேன். முதல் கிழமை ஒரு சின்னக் கடையின் கணக்கை, அன்றாடக் கொடுக்கல் வாங்கலைப் பதியும் நாளேட்டில் இருந்து பரீட்சை மீதிவரை எழுத வேண்டும். அடுத்த கிழமை கணிப்பான் இல்லாமல் இருபது மூல் கணக்கு. நேற்றுப் பின்னேரம் பரீட்சை மீதியில் 27 ரூபா இடிக்கிறது என்று கொப்பியோடு வந்தாள். நான் கையை நீட்டினேன். தரவில்லை. "பொறுங்கோ மாமி, இது ஒன்பதால் பிரிபடுது" என்று சொல்லிக்கொண்டே திரும்பிப் போய்விட்டாள்.