சப்பாத்துக் கடையில் தைத்த குதிரை வார்

சப்பாத்து (காலணி) தைக்கும் கடைக்கு விமர்சனமா என்று சிரிக்காதீர்கள். என் அக்கா மகளுக்கு 17 வயது, பெருமூளை வாதத்தால் விரல்கள் சரியாக மடங்காது, ஆனாலும் பாரா டிரஸ்ஸாஜில், அதாவது மாற்றுத்திறனாளிகள் குதிரையை விதவிதமாக நடத்திக் காட்டும் போட்டியில், பாராலிம்பிக் வரை போயே தீருவேன் என்று ஒற்றைக் காலில் நிற்கிறாள். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கில் இதே விளையாட்டில் வெண்கலம் வென்ற சிங்கப்பூர் லாரன்ஷியா டான் படம்தான் அவள் அறையில். இந்த விளையாட்டில் உடல்நிலையைப் பார்த்து 5 பிரிவு, இவள் முதல் பிரிவு, குதிரை நடந்தால் போதும். பிடிக்க வசதியாக வளையம் வைத்த கடிவாள வாருக்கு அனுமதி வாங்கலாம். இணையத்தில் வாங்கியது 2 மாதம் கழித்து வந்தது, வளையத்தில் கையே நுழையவில்லை!

அப்புறம்தான் மலேசியாவில் சுங்கை சிப்புட் கடைவீதியில் இந்தச் சப்பாத்துக் கடை அண்ணனிடம் போனோம். குதிரையைத் தொட்டதே இல்லையாம். “கையைக் காட்டும்மா” என்று நூலால் அளந்தார். விழுந்தால் கை மாட்டிக்கொள்ளக் கூடாது என்றதும் வளையத்தை இன்னும் அகலமாக்கி, இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார். 45 வெள்ளி (ரிங்கிட்). சொன்ன நாளில் மட்டும் கிடைக்காது, மூன்று தடவை அலைந்தேன். ஞாயிறு கடை இல்லை, ரொக்கம்தான் வாங்குவார்.