ராலி ஓட்டுநரா, ஸ்டண்ட் ஓட்டுநரா?

இரண்டுமே காரைச் சறுக்கவிட்டுப் பிழைக்கும் தொழில்தான், ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால் வேறு வேறு உலகம். ராலி என்பது சாலையிலும் சரளைப் பாதையிலும் நேரத்தோடு போட்டிபோடும் கார் பந்தயம், அங்கே எதிரி கடிகாரம். உலக ராலி சாம்பியன்ஷிப்பில் ஒவ்வொரு ஸ்டேஜையும், அதாவது நேரம் கணக்கிடப்படும் பாதைத் துண்டையும், முன்கூட்டியே இரண்டு முறைதான் மெதுவாக ஓட்டிப் பார்க்க விடுவார்கள், அப்போது எழுதிய குறிப்புகளைப் பக்கத்து இருக்கையில் இருக்கும் கோ-டிரைவர் வாசிக்க வாசிக்க, இன்னும் கண்ணில் படாத வளைவுக்குள் முழு வேகத்தில் நுழைய வேண்டும். அந்த நம்பிக்கைதான் எனக்கு இதில் பெரிய அழகு. பிரெஞ்சு ராலி ஓட்டுநர் செபாஸ்டியன் லோப் 2004 முதல் 2012 வரை வென்ற 9 பட்டங்களிலும் கோ-டிரைவராகப் பக்கத்தில் இருந்தவர் டேனியல் எலேனாதான்.

சினிமா ஸ்டண்டில் வேகம் இரண்டாம்பட்சம். கேமராவை ஒட்டி, குறித்துக் கொடுத்த இடத்தில், எத்தனை டேக் போனாலும் அப்படியே காரை நிறுத்தத் தெரிய வேண்டும்; கைதட்டல் மட்டும் நடிகருக்குப் போகும், அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

சரி, பணம்? ராலியில் ஆரம்பத்தில் கைக்காசு கரையும், ஸ்பான்சர் தேடி அலைய வேண்டும். ஸ்டண்டில் ஓட்டிய வேலைக்குச் சம்பளம் உண்டு, அடுத்த அழைப்பு எப்போது என்பதுதான் தெரியாது.

அமெரிக்க ஓட்டுநர் டேனர் ஃபவுஸ்ட் இரண்டையும் செய்தவர். புதிதாக வருபவர் முதலில் ராலிக்குப் போகட்டும் என்பேன், சரளை மண்ணில் பிடிமானம் நழுவும்போது கையும் காலும் தானாகச் செய்யப் பழகுவதெல்லாம் படப்பிடிப்பிலும் அப்படியே கைகொடுக்கும்.