கிறிஸ்துமஸைத் திருடிய கிரிஞ்ச்: பல டிசம்பர்கள் வாசித்த பிறகு

டாக்டர் சூஸின் ‘ஹவ் த கிரிஞ்ச் ஸ்டோல் கிறிஸ்துமஸ்’ எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடமாகிறது. பெரியவளுக்காக வாங்கினேன், இப்போது சின்னவன் முறை. மேலுறை எப்போதோ போய்விட்டது. கெட்டி அட்டை மட்டும் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

கதை தெரியாதவர்களுக்கு: ஹூவில் ஊர்க்காரர்களுக்குக் கிறிஸ்துமஸ் என்றால் உயிர். ஊருக்கு வடக்கே குகையில் இருக்கும் கிரிஞ்சுக்கோ அந்தப் பேச்சே ஆகாது. சாண்டா வேஷம் போட்டு, நாய் மேக்ஸின் தலையில் ஒற்றைக் கொம்பைக் கட்டி, ராத்திரியோடு ராத்திரியாக ஊரையே துடைத்து எடுத்துவிடுகிறான். விடிந்ததும் அழுகுரல் கேட்கும் என்று மலை மேல் காத்திருந்தால், கீழே பாட்டுச் சத்தம்.

இதை மனசுக்குள் படித்தால் பாதி சுகம்தான். இரண்டு மெல்லிய அசை, அடுத்து ஓர் அழுத்தம் என்று ஓடும் சந்தம். பிடித்துவிட்டால் அதுவே நம்மை இழுத்துக்கொண்டு போகும். சைக்கிள், ரோலர் ஸ்கேட், மேளம், பாப்கார்ன், பிளம் பழம் என்று திருட்டுச் சாமான்களை அடுக்கும் இடத்தில்தான் மூச்சு வாங்கும். சத்தம், சத்தம் என்று கிரிஞ்ச் கத்தும் வரியை சின்னவன் என்னைவிட உரக்கக் கத்துவான். ஆகவே பிள்ளைகளைத் தூங்கவைக்க இந்தப் புத்தகத்தை எடுக்காதீர்கள்.

கார்ட்டூன் பார்த்த பிள்ளைகள் முதலில் கேட்பது, “ஏம்ப்பா இவன் பச்சையா இல்ல?” பச்சை நிறம் 1966-இல் சக் ஜோன்ஸ் எடுத்த தொலைக்காட்சிப் படத்தில் வந்தது. 1957-இல் வந்த புத்தகத்தில் கறுப்பு வெள்ளையோடு சிவப்பும் இளஞ்சிவப்பும் மட்டும்தான். எனக்கு இதுதான் பிடிக்கும். பனி என்பது வெறும் காகித வெள்ளை. அதனால் கண் நேராக அவன் முகத்துக்குப் போகிறது.

வருடா வருடம் நான் காத்திருக்கும் பக்கம், மரத்தைத் திருடும்போது இரண்டு வயது சிண்டி லூ எழுந்து வரும் இடம். ஏன் எங்கள் மரத்தை எடுக்கிறீர்கள் என்று கேட்கிறாள். கண் இமைக்காமல் ஒரு பொய்: ஒரு பக்கம் விளக்கு எரியவில்லையாம் கண்ணு, பட்டறைக்குக் கொண்டுபோய்ச் சரிசெய்து திரும்பக் கொண்டுவருவானாம். தலையைத் தட்டிக்கொடுத்து, குடிக்கவும் கொடுத்துப் படுக்க அனுப்புகிறான். அவள் போனதும் மரத்தைப் புகைபோக்கியில் திணிக்கிறான். திருடனுக்குள் ஒரு பெரியப்பா எட்டிப் பார்க்கிற இடம் அது. கடைசியில் இதயம் மூன்று அளவு பெரிதாவதைவிட எனக்கு இந்தத் தட்டிக்கொடுப்புதான் நம்பும்படி இருக்கிறது.

அவனுக்கு ஏன் பண்டிகை பிடிக்காது? தலை சரியாகத் திருகப்படவில்லையோ, ஷூ இறுக்கமோ, இதயம் இரண்டு அளவு சின்னதோ என்று மூன்று ஊகங்களைச் சொல்லி, கடைசியதுதான் சரியாக இருக்கும் என்று நகர்ந்துவிடுகிறார் ஆசிரியர். என் ஓட்டு ஷூவுக்கு. 53 வருடமாகப் பொறுத்துக்கொண்டேன் என்று கிரிஞ்ச் புலம்புவான்; புத்தகம் வந்தபோது ஆசிரியருக்கும் வயது 53. பெரியவளுக்கு இதைச் சொன்னதிலிருந்து, யார் சிடுசிடுத்தாலும் வயதைக் கேட்கிறாள். ஜிம் கேரி நடித்த 2000-ஆம் வருடப் படம், பள்ளியில் கேலி செய்தார்கள் என்று ஒரு சிறுவயதுக் கதையே சேர்த்தது. காரணம் கிடைத்ததும் பாவமாக இருந்தது, சரி. ஆனால் சிரிப்பு குறைந்துவிட்டது.

முடிவு கொஞ்சம் அவசரம்தான். மூன்று மணி நேரம் யோசித்தான் என்று ஒரு வரி வருகிறது, அப்புறம் மளமளவென்று மனம் மாறி விருந்தில் இறைச்சி வெட்டிக்கொண்டிருக்கிறான்.

நாலு வயதுக்குக் கீழே இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். சுவரில் கொக்கியும் கம்பியும் மட்டும் மிச்சமிருக்கும் அந்தக் காலி வீட்டைப் பார்த்து முதல் தடவை எங்கள் சின்னவன் அழுதுவிட்டான். அந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தாமல் பக்கத்தைத் திருப்பிவிடுங்கள்.