ஸ்கேனில் எதுவும் இல்லையென்றால் போதுமா? டிஃபெண்டருடன் என் அனுபவம்

கொழிஞ்சாம்பாறையில் தட்டச்சு, பிரின்ட் கடை நடத்துகிறேன். பாலக்காட்டுக்காரர்களும் பொள்ளாச்சிப் பக்கத்துக்காரர்களும் கேள்வித்தாள், பஞ்சாயத்து விண்ணப்பம், கல்யாணப் பத்திரிகை என்று பென்டிரைவோடு வருவார்கள். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரைத்தான் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறேன்.

அதற்கு முன் காசு கொடுத்து வாங்கிய ஒரு ஆன்டிவைரஸ் இருந்தது. ஏற்கெனவே பிடிபட்ட மால்வேரின் (கெடுதல் செய்யும் நிரலின்) அடையாளத்தைக் கோப்புகளில் தேடுவதே அதன் முக்கிய வேலை. கோபாலபுரம் சாவடியில் வண்டி எண்ணை மட்டும் பார்த்து அனுப்புவது போன்றது இது. எண் பலகையை மாற்றினால் அதே சரக்கு கடந்துவிடும். 1990இலேயே ‘1260’ என்ற வைரஸ் பிரதிக்குப் பிரதி உருமாறியது.

எங்கள் கடைக்கு அதிகம் வருவது ஷார்ட்கட் வைரஸ். பென்டிரைவைத் திறந்தால் ஃபோல்டர்கள் அதே பெயரில் தெரியும்; ஐகானின் மூலையில் மட்டும் ஒரு சின்ன வளைந்த அம்பு. ப்ராப்பர்ட்டீஸில் ‘டார்கெட்’ வரியைப் பாருங்கள். அங்கே ஃபோல்டர் இருக்காது; கட்டளைகளை இயக்கும் விண்டோஸின் சொந்த நிரலான சிஎம்டியோ பவர்ஷெல்லோ இருக்கும், அதன் பின்னால் ஒரு ஸ்கிரிப்ட், அதாவது கட்டளைத் தொகுப்பு. அசல் ஃபோல்டர் மறைக்கப்பட்டிருக்கும். இயங்குவது விண்டோஸின் நிரலே என்பதால், கோப்பை மட்டும் பார்க்கும் ஆன்டிவைரஸ் எளிதில் ஏமாறுகிறது. அந்தப் பழைய மென்பொருள் இவற்றைப் பலமுறை கோட்டைவிட்டது.

டிஃபெண்டர் எனக்குப் பிடித்ததற்குக் காரணமே இதுதான். விண்டோஸ் 10 முதல் பவர்ஷெல் ஸ்கிரிப்டுகள், எத்தனை சுற்றுச் சுற்றி மறைத்திருந்தாலும், இயங்கும் நேரத்தில் அவிழ்ந்த வடிவிலேயே ஆன்டிவைரஸின் பார்வைக்கு வருகின்றன. நிரலின் நடத்தையையும் அது கவனிக்கிறது. அதையும் ஏய்க்கிறார்கள்: சில மால்வேர்கள் சுட்டி அசைகிறதா என்று பார்த்து, தன்னைச் சோதிப்பதற்கான போலிக் கணினி என்று தெரிந்தால் சும்மா படுத்துக்கொள்ளும்.

2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வன்னாக்ரை என்ற மால்வேர் வயநாட்டின் பஞ்சாயத்து அலுவலகக் கணினிகளையும் பூட்டியது. அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. ஆகவே அப்டேட்டைத் தள்ளிப்போடவே கூடாது. டிஃபெண்டரில் கண்ட்ரோல்டு ஃபோல்டர் ஆக்சஸ் என்ற வசதியையும் இயக்கிவிடுங்கள். தெரியாத நிரல் நம் ஆவணங்களில் கைவைக்காது. இந்த வசதி தானாக இயங்குவதில்லை.

சந்தேகமான கோப்புக்கு, பல ஆன்டிவைரஸ்களால் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் இணையதளம் நல்லது. ஆனால் வாடிக்கையாளரின் ஆவணத்தை அங்கே ஏற்றாதீர்கள். ஏற்றியது பிற நிறுவனங்களின் கைக்கும் போகும். கோப்பின் எஸ்ஹெச்ஏ-256 ஹாஷை (கோப்பிலிருந்து கணக்கிடப்படும், கைரேகை போன்ற குறியீட்டை) மட்டும் அங்கே தேடுங்கள். பதிவே இல்லையென்றால் கோப்பு நல்லது என்று அர்த்தமல்ல. இதுவரை யாரும் அங்கே ஏற்றவில்லை, அவ்வளவுதான்.